ஐந்தாம் சீலமும் நம் வாலிபப் பிள்ளைகளும்

பஞ்சசீலத்தில் ஐந்தாவதாக நாம் ஏற்றுக்கொள்ளும் சிக்காபதம், கள், மது முதலிய மயக்கப் பொருள்களினின்று விலகியிருத்தலாகும். பாலி மொழியில் அதனைக் கூறும் தொடரிலே 'பமாதம்' என்றொரு சொல் வருகிறது. அசட்டை, மறதி, விழிப்பின்மை என்பன அதன் பொருள். மதுவை வைதுவிட்டுப் போகாமல், எதற்கு இடமாயிருப்பதால் அது விலக்கத்தக்கதாயிற்றோ அதனையே பகவன் பெயரிட்டுச் சொன்னார். முதல் நான்கு சீலங்களும் நாம் பிறர்க்கு இழைக்கும் தீங்கைத் தடுப்பன. ஐந்தாவது, அந்நான்கையும் காவல் காக்கும் விழிப்பைக் காப்பது. இவ்வளவும் நம் உபாசகர் அறிந்ததே. இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது வேறு. பதினைந்து பதினாறு வயதுள்ள ஒரு பிள்ளை, அதுவும் ஞாயிறுதோறும் திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லும் வீட்டுப் பிள்ளை, முதற் கோப்பையை ஏன் கைநீட்டி வாங்குகிறான்?

ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆராய்தல் நலம். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிப் போடிமெட்டையும் பூப்பாறையையும் கடந்தால் வருவது சாந்தன்பாறை. இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை வட்டத்தைச் சேர்ந்தது. 2022-இல் கள்ளிப்பாறைச் சரிவில் குறிஞ்சி பூத்தபோது அதைக் காண வந்த கூட்டத்தாருக்கு அவ்வூரின் பெயர் தெரியவந்தது. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அங்கு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவர்கள் நம் மக்கள். தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிச் சென்று அந்தியில் திரும்புவோரும் உண்டு. லயத்து வீடுகளிலேயே தங்கி, பிள்ளைகளை அங்குள்ள பள்ளிகளில் சேர்த்தோரும் உண்டு. தாயும் தந்தையும் தோட்டத்தில். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தபின் இருட்டும்வரை தாமாகவே இருக்க வேண்டும். அந்த மாலைநேரந்தான் நம் ஆராய்ச்சிக்குரிய களம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கேரளத்தில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி 23 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது. மலைக்கு இப்புறம் தமிழ்நாட்டில் அவ்வயது 21. ஆகவே மேட்டின் எந்தப் பக்கம் நின்றாலும் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கடையின் கதவு சட்டப்படி அடைத்தே இருக்கிறது. ஆனால் 2019-இல் வெளியான அகில இந்திய அளவீட்டில், 10 முதல் 17 வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 1.3 பேர், அதாவது ஏறத்தாழ 30 லட்சம் பிள்ளைகள், மது அருந்துவோர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தாமே கடைக்குச் சென்று தொடங்குவது அரிது. பெரியவன் ஒருவனுடைய கை இடையே நிற்கிறது.

அந்தக் கை யாருடையது? 'கெட்ட சகவாசம்' என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவது நம் வழக்கம். பிள்ளையின் கண்ணுக்கு அவன் கெட்டவன் அல்லன். திருவிழாவுக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்த மாமன். பந்தாட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொண்ட அண்ணன். முதன்முதலாகத் தோட்டத்து வேலைக்குப் போன நாளில் மூட்டை தூக்கக் கைகொடுத்த மச்சான். வேலைக்குச் சேர்ந்த முதற் சம்பளத்தன்று, "இனி நீயும் பெரிய ஆள்" என்று சொல்லி நீட்டும் கோப்பையில் பகையின் சாயல் சிறிதுமில்லை. அன்போடு கொடுக்கிறான், அன்போடு வாங்கிக்கொள்கிறான். நாமோ மதுவை விஷமென்றும் கொடுப்பவனைப் பேய் என்றும் சொல்லி வளர்க்கிறோம். விஷத்தோடு வரும் பேய்க்காகக் காத்திருந்த பிள்ளை, மாமன் வந்து நிற்கும்போது செய்வதறியாமல் திகைக்கிறான்.

கொடுக்கும் உறவினர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுப்பது ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பிள்ளையைக் கொண்டு மதுவைச் சுமக்கச் செய்வதற்கும் விற்கச் செய்வதற்கும் அதே தண்டனைதான். "பின்பக்கமாய்ப் போய்ப் பாட்டிலை வாங்கி வா" என்று மகனை ஏவும் தந்தையர் இதைப் படிக்கும் நம் வீடுகளிலும் இருக்கலாம்.

கோப்பையை வாங்கும் மனத்தைப் பற்றி ஜாதகக் கதைகளில் ஓர் அரிய பாடம் இருக்கிறது. கும்ப ஜாதகம் என்பது அதன் பெயர். சுரன் என்னும் காட்டுவாசி ஒருவன், மரக்கிளைகள் பிரியும் இடத்திலுள்ள பொந்தில் மழைநீர் தேங்கி, அதில் கனிகளும் பறவைகள் சிந்திய தானியமும் விழுந்து புளித்திருப்பதைக் காண்கிறான். தாகத்தால் அதைக் குடித்த பறவைகள் மயங்கிக் கீழே விழுகின்றன. சற்று உறங்கிய பின் எழுந்து கூவிக்கொண்டு பறந்து போகின்றன. அவன் மனம் ஒரு கணக்குப் போடுகிறது: நஞ்சானால் இவை இறந்திருக்கும், இறக்கவில்லை, எனவே இது நஞ்சன்று. குடித்தும் பார்க்கிறான். அத்தோடு நின்றானா? தனியே குடிக்க மனமின்றி, பக்கத்திலிருந்த வருணன் என்னும் தாபதனிடம் எடுத்துச் சென்று அவனையும் குடிக்கச் செய்கிறான். சுரை, வாருணி என்று மதுவுக்கு வழங்கும் பெயர்கள் இவ்விருவரால் வந்தன என்று கதை சொல்கிறது.

பெயர்க்காரணம் இருக்கட்டும். சுரன் போட்ட கணக்கே இன்று ஒவ்வொரு பிள்ளையும் போடும் கணக்கு. "நேற்று இரவு அண்ணன் குடித்தான், விழுந்தான், காலையில் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். ஆசிரியர் சொன்னபடி ஒன்றும் நடக்கவில்லையே!" கண்ணால் கண்ட பறவை பறந்துபோனபின் காதால் கேட்ட ஈரல் நோய் நிற்குமா? ஈரல் கெடப் பல்லாண்டு ஆகும். பதினாறு வயதில் பல்லாண்டு என்பது கதைகளில் வரும் கற்பகாலம் போன்றது. இன்னொன்று, சுரனுக்குக் குடிக்கத் துணை வேண்டியிருந்தது. கண்டுபிடித்த அன்றே அது ஒரு கூட்டத்தின் காரியமாகிவிட்டது.

இக்கால மனோதத்துவ அறிஞர் செய்த சோதனைகள் இவ்விரண்டையும் உறுதிப்படுத்துகின்றன. 1973-இல் அமெரிக்காவில் மார்லட் என்பவரும் அவருடைய துணைவரும் ஒரு சோதனை நடத்தினர். சிலருக்கு மது கலந்த பானத்தைக் கொடுத்து மதுவில்லை என்றனர். சிலருக்கு மதுவே இல்லாத பானத்தைக் கொடுத்து மது என்றனர். மது என்று நம்பியவரே அதிகமாகக் குடித்தனர். கோப்பையில் உண்மையில் இருந்தது எதுவென்பது அதனை மாற்றவில்லை. குடிப்பவன் முதலில் குடிப்பது தன் எதிர்பார்ப்பையே என்று இதிலிருந்து நாம் கொள்ளலாம். அவ்வெதிர்பார்ப்பு நாவில் மது படுமுன்பே, தந்தையின் சிரிப்பிலிருந்தும் திரைப்படத்துக் கதாநாயகன் பாடும் பாட்டிலிருந்தும், இழவு வீட்டில் ஆண்கள் ஒதுங்கி நிற்கும் மூலையிலிருந்தும், சிறுபிள்ளையின் மனத்தில் சேர்ந்துவிடுகிறது.

துணையைப் பற்றிய சோதனை 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்னும் இருவர் செய்தது. மோட்டார் வண்டி ஓட்டுவது போன்ற விளையாட்டு ஒன்றில், பதின்மூன்று முதல் பதினாறு வயதினரையும், அவரினும் மூத்த இளைஞரையும், வளர்ந்தவரையும் சிலரைத் தனியாகவும் சிலரைத் தோழர் முன்னிலையிலும் அமர்த்திப் பார்த்தனர். தோழர் சூழ இருந்தபோது சிறுவர் வெகுவாகத் துணிந்து ஆபத்தை நாடினர். வளர்ந்தவர்க்கு, தோழர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடில்லை. இதற்கு மூளையின் வளர்ச்சியிலேயே காரணம் காண்கின்றனர். இன்பத்தை நாடித் தூண்டும் பகுதிகள் பூப்பெய்தும் பருவத்திலேயே கூர்மையடைந்துவிட, நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி, அதாவது நிதானித்து அடக்கும் பகுதி, இருபத்தைந்து வயதளவில்தான் முதிர்ச்சி பெறுகிறது. மாடு வாலிபமடைந்தும் மூக்கணாங்கயிறு குத்தாத நிலை என்று சொல்லலாம்.

ஆகவே தனியே இருக்கும்போது, "மாட்டேன் அம்மா" என்று அவன் சொன்ன வாக்கு பொய் வாக்கன்று. அப்போது அவன் உண்மையாகவே சொன்னான். பாறைமேல் நால்வர் நடுவே உட்கார்ந்திருப்பவன் அவனேயாயினும், அவனுடைய மனம் அங்கே வேறு கணக்கில் இயங்குகிறது. பிள்ளைகளைப் பொய்யர் என்று ஏசும் பெற்றோர் இதனை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மாணவரைப் பிரெண்டிஸ், மில்லர் என்பவர்கள் ஆராய்ந்து 1993-இல் எழுதியது இது. மாணவர் பலருக்குத் தம் கல்லூரியின் குடிப்பழக்கம் உள்ளத்தில் உவப்பாயில்லை. ஆனால் மற்றவர்க்கெல்லாம் அது உவப்பானது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தனர். பாறைமேல் உட்கார்ந்த நால்வரில் மூவர் வேண்டாமென்றே நினைத்துக்கொண்டு, நால்வரும் குடிப்பது இப்படித்தான். முதலில் ஒருவன் வாய் திறந்து சொல்லிவிட்டால் மற்ற இருவர்க்கும் மூச்சு வரும். சொல்லத்தான் ஆளில்லை.

இங்கே நம் சமூகத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேநீர்க்கடையிலே நமக்கென்று வேறு குவளை வைத்த ஊர்களிலிருந்து மலையேறியவர்கள் நம்மவருள் பலர். இரட்டைக் குவளை முறையின் காயம் எளிதில் ஆறுவதன்று; பேரன் வரைக்கும் அது கதையாக வருகிறது. குடிக்கும் கூட்டத்திலோ ஒரே குவளை எல்லார் கையிலும் சுற்றுகிறது. "இங்கே சாதி இல்லையப்பா" என்று மேற்சாதிப் பையனும் தோளில் கைபோட்டுக்கொள்கிறான். பள்ளியில் ஒதுங்கி நின்ற பிள்ளைக்கு அந்த ஒரு மணிநேரம் எத்துணை இனிமையாயிருக்கும்! அந்த இனிமையை ஏளனம் செய்தல் தகாது. சமத்துவம் வேண்டுமென்ற பசி நியாயமான பசி. பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவரோடு தம்மத்தைத் தழுவியதும் அதே பசியால்தான். அன்று அவர் ஏற்பித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. குவளை காலியானதும் அந்தச் சமத்துவமும் காலியாகி, மறுநாள் காலையில் அதே பையன் தெருவில் நம் பிள்ளையைக் காணாதவன்போல் போவதை நாம் பார்த்திருக்கிறோம். "குடிகார சாதி" என்ற பழிச்சொல்லும் நம் தலையில் ஏறுகிறது.

துக்கத்தால் குடிக்கும் பிள்ளைகளும் உளர். தந்தையின் குடியால் அடிதடி நிகழும் வீட்டுப் பிள்ளை, தான் ஒருநாளும் தொடமாட்டேன் என்று சபதம் செய்தவனே, இரவின் கூச்சலை மறக்க அதையே நாடுவதுண்டு. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளின்படி, குடிக்கு அடிமையாகும் இயல்பில் ஏறக்குறையப் பாதியளவு பரம்பரையாக வருவது. மது சிறிது நேரம் அச்சத்தை மழுக்கும்; இறங்கும்போது அச்சமும் சோர்வும் முன்னிலும் மிகுந்து நிற்கும். அதைப் போக்க மறுபடி ஒரு கோப்பை. தண்ஹை என்று பகவன் கூறிய வேட்கை தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும் விதத்திற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளைப் பற்றி இங்கு விரித்தெழுதவில்லையாயினும், அவர்களுக்கு இது நேராது என்று இருந்துவிடலாகாது. அவர்களிடம் இது இன்னும் மறைவாக நிகழும். அதனால் உதவியும் தாமதமாகவே போய்ச் சேரும்.

"எப்படியும் பழகத்தான் போகிறான், வீட்டிலேயே நம் கண்முன் கொஞ்சம் கொடுத்துவிட்டால் அளவறிந்து குடிப்பான்" என்போர் சிலர். ஆஸ்திரேலியாவில் 1,900-க்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரை ஆறாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பெற்றோர் கையால் கொடுப்பது பிள்ளையைக் காப்பதாக எவ்விதச் சான்றும் இல்லை என்று கண்டது. 1997-இல் கிராண்ட், டாசன் என்போர் அமெரிக்கக் கணக்கெடுப்பொன்றிலிருந்து காட்டியது இன்னும் கடுமையானது. பதினான்கு வயதிலோ அதற்கு முன்னரோ குடிக்கத் தொடங்கியவருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் வாழ்நாளில் ஒருகால் அடிமைநிலையை அடைந்தனர்; இருபது வயதிலும் அதன்பின்னும் தொடங்கியவருள் நூற்றுக்குப் பத்துப்பேரளவே. சீக்கிரம் தொடங்கியதே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; துன்பமுள்ள வீட்டுப் பிள்ளைகளே சீக்கிரம் தொடங்குகிறார்கள். எனினும் ஓர் ஆண்டு தள்ளிப்போனாலும் அது லாபமே.

அச்சமூட்டுவதால் பயன் குறைவென்றால் வேறு எதைச் சொல்வது? சிகாலோவாத சுத்தத்தைத் திருப்பிப் பார்ப்போம். அது ஓர் இளைஞனுக்கே சொன்ன பாடம். தந்தை இறக்கும்போது சொல்லிச் சென்றதற்காக, ஈர உடையோடு ஆறு திசைகளையும் பொருள் தெரியாமல் வணங்கி நின்ற சிகாலனுக்குப் பகவன் குடியின் கேடுகள் ஆறினைக் கூறினார்: கைப்பொருள் அழிவு, கலகம், நோய், கெட்ட பெயர், உடை நெகிழ்ந்து மானம் போதல், அறிவு தேய்தல். இவற்றுள் கைப்பொருள் அழிவைச் சொல்லும்போது, இப்போதே கண்முன் காணத்தக்கது என்ற அடைமொழியும் சேர்ந்தே வருகிறது. எண்ணிப் பார்த்தால், நோய் ஒன்று நீங்கலாகப் பிறவெல்லாம் அன்றிரவோ மறுநாளோ வெளிப்படுவன. நான்கு பேர் பார்க்க நேர்வன. வாலிபன் அஞ்சுவது இருபதாண்டு கழித்து வரும் சாவுக்கன்று. நாளைக் காலை தோழர் சிரிப்பதற்கு. அவ்வுள்ளம் அறிந்து சொன்ன வரிசை அது. இக்காலத்தில் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மறுக்கக் கற்பித்தல் அடுத்தது. அன்பினால் நீட்டிய கோப்பைக்கு ஆட்பட்டவர் கதையும் உண்டு. அதனை மறுத்தவர் கதையும் உண்டு. இரண்டும் நம் நூல்களிலேயே உள்ளன.

ஆட்பட்டவர் சாகத தேரர். விநயத்திலே அவர் வரலாறு வருகிறது. அம்பதித்தம் என்னும் இடத்தில் கொடிய நாகம் ஒன்றைத் தம் தேஜோ ஆற்றலால் அடக்கியவர். அப்புகழ் கௌசாம்பிக்கு எட்டியது. ஊரார் களிப்புற்று, தேரர்களுக்குக் கிடைத்தற்கரியதும் விருப்பமானதும் எது என்று கேட்க, ஒழுங்கில் தளர்ந்த பிக்குகள் சிலர் ஒருவகைத் தெளிந்த மதுவின் பெயரைச் சொல்லிவிட்டனர். சாகதர் பிச்சைக்கு வந்தபோது வீட்டுக்கு வீடு அதனையே வைத்துக்கொண்டு, "அருந்துங்கள், ஐயனே" என்று வேண்டினர். ஒரு வீட்டில் வாங்கியவர் அடுத்த வீட்டில் எப்படி மறுப்பார்? ஊரைவிட்டு வெளியேறுகையில் நகர வாயிலிலேயே விழுந்துகிடந்தார். கொடுத்தோர் எல்லாரும் அவரைப் போற்றியோர். பகைவர் ஒருவரும் இல்லை. நாகத்தை வென்றவர் நன்றியிடம் தோற்றார்.

மறுத்தவன் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சாதுவன். ஆதிரையின் கணவன். சூதிலும் கணிகையிடத்தும் பொருளைத் தொலைத்தவன். அப்பழுக்கற்ற உத்தமன் என்று சாத்தனார் அவனைக் காட்டவில்லை. கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நக்க சாரணர் நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்கினான். அவர்கள் மனிதரைத் தின்போர். அவர்களுடைய மொழியை அவன் அறிந்திருந்ததால் பிழைத்தான். அவர்தம் தலைவன் அவனை விருந்தாளியாக்கி, கள்ளும் ஊனும் நங்கை ஒருத்தியையும் கொடுக்கச் சொன்னான். சாதுவனோ ஏற்கவில்லை. தலைவன் சினந்தான், பிறகு சிரித்தான். சாதுவன் அவனை வையவில்லை. கள்ளை ஏன் அறிந்தோர் விலக்கினர் என்பதை அம்மொழியிலேயே பொறுமையாக எடுத்துரைத்தான். முடிவில் தலைவன், "கள்ளையும் ஊனையும் விட்டு எங்களால் வாழ இயலாது, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல்" என்று கேட்கும் நிலைக்கு வந்தான். கலமுடைந்து கரையேறுவோரைக் கொல்லாதிருங்கள், மூத்து இறந்த விலங்கின் ஊனையே கொள்ளுங்கள் என்று அவனுக்கு இயன்றதைச் சொன்னான் சாதுவன். நட்பும் முறியவில்லை, தலைவன் பரிசுகள் கொடுத்தே அனுப்பினான்.

இதில் நம் பிள்ளைகள் கற்கத்தக்கது அவர்களுடைய மொழியில் மறுப்பதையே. சபையில் ஒப்பிக்கும் பாலித் தொடர் பாறைமேல் உதவாது. "எனக்கு வேண்டாம் அண்ணே. நீங்கள் குடியுங்கள், நான் பொரிகடலை எடுத்துக்கொள்கிறேன்" என்பது போதும். "நாளைக்கு ஆட்டம் இருக்கு", "நான் வண்டி ஓட்டணும்", "எங்க வீட்டில் சீலம் எடுத்திருக்கோம்" என்று அவரவர் வாய்க்கு வருவது எதுவோ அதை ஞாயிறு வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிப் பழக வேண்டும். ஒரு பிள்ளை மாமனாக நடிக்கட்டும், "என்னை மதிக்கமாட்டாயா?" என்று கேட்கட்டும், மற்றவன் சமாளிக்கட்டும். சிரிப்பு எழும், எழுந்தால் நல்லதே. ஒருமுறை நாவில் ஏறிய சொல், தேவையான வேளையில் தானே வரும். இருவர் சேர்ந்து மறுக்க உடன்படிக்கை செய்துகொண்டால் இன்னும் எளிது.

மறுத்துவிட்டு எங்கே போவான் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பாறையை விட்டு எழுந்தவனுக்குப் போக ஓர் இடம் வேண்டும். ஐஸ்லாந்து நாட்டில் 1998-இல் பதினைந்து பதினாறு வயதினரில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துள் குடித்து வெறித்தவர்களாயிருந்தனர்; 2016-இல் அது 5 ஆகக் குறைந்தது. பிரசங்கத்தை நம்பாமல், மாலைநேர விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் ஒதுக்கி, பெற்றோரை ஒன்றுகூட்டி, இரவில் பிள்ளைகள் வெளியே திரியும் நேரத்துக்கும் எல்லை வகுத்துச் செய்தார்கள். அது செல்வ நாடு என்று சொல்லலாம். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளராயிருந்த நம் முன்னோர் செல்வராயிருந்தனரோ? 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபின், தங்கவயலிலும் கிளைச் சங்கம் கண்டு, சுரங்கத்து வேலை முடிந்து வந்த உடம்போடு கூட்டமும் பத்திரிகைப் படிப்பும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். லயத்து முற்றத்தில் ஒரு கைப்பந்து வலை, ஒரு பறைக்குழு, ஒரு விளக்கு, ஆறிலிருந்து எட்டு மணி வரை பெரியவர் ஒருவர் முறைவைத்து இருத்தல். இவற்றுக்கு ஆகும் செலவு, அவ்வீடுகளில் ஒரு வாரத்தில் மதுவுக்குப் போகும் தொகையினும் குறைவு என்றே நினைக்கிறோம். அங்கே தேநீரும் ஒரே வகைக் குவளையில் கொடுக்கப்படட்டும்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் பிள்ளை குடித்துவிட்டு வரலாம். வருவதுகூட நல்லது, அடிக்கு அஞ்சி வராமல் ஏலக்காட்டிலோ கடைத்திண்ணையிலோ கிடப்பதே ஆபத்து. மலைக்குளிரில் மது அருந்திய உடம்பு வெகு விரைவில் வெப்பத்தை இழக்கும். அவனைத் தனியே விடலாகாது. மல்லாத்திப் போடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போர்வை போர்த்த வேண்டும். வாந்தி மூச்சுக்குழலில் இறங்குவதாலேயே பலர் இறக்கின்றனர். விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்தல், குளிர்ந்த நீரை ஊற்றுதல், மோரோ காப்பியோ புகட்டுதல் ஒன்றும் வேண்டாம். தட்டியெழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவாகி இடைவெளி விட்டு வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தோழர்களும் இதை அறிந்திருத்தல் அவசியம். சிகாலோவாதத்தில் நல்ல நண்பனின் இலக்கணமாகச் சொல்லியவற்றுள் ஒன்று, அசட்டையில் வீழ்ந்தவனைக் காத்தல். அங்கும் பமாதம் என்ற சொல்லே நிற்கிறது. பேச்சு வார்த்தை விடிந்தபின், தலைவலி தெளிந்தபின் இருக்கட்டும். மனச்சோர்வோ வீட்டுத் துன்பமோ காரணமென்று தெரிந்தால் 14416 என்ற அரசுத் தொலைபேசியில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

சாகத தேரர் வாயிலில் கிடந்ததைக் கண்ட பகவன், முதற்காரியமாக அவரைத் தூக்கி ஆராமத்துக்குக் கொண்டு செல்லுமாறு பிக்குகளுக்குச் சொன்னார். அங்கே பகவனை நோக்கித் தலை வைத்துக் கிடத்தினார்கள். நினைவில்லாத தேரர் புரண்டு, பகவன் பக்கமே காலை நீட்டிப் படுத்தார். இவர் முன்பு என்னிடம் மரியாதையுள்ளவராயிருந்தாரல்லவா, இப்போது இருக்கிறாரா என்று கேட்டார் பகவன். நாகத்தோடு போரிட்டவர் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்போடேனும் போரிடக்கூடுமா என்றும் கேட்டார். கூடியிருந்தோரிடம் இவ்விரு கேள்விகளைக் கேட்டபின்னரே மதுவை விலக்கும் விதியை வகுத்தார். சாகதரைச் சங்கத்தினின்று நீக்கவில்லை. மறுநாள் நினைவு தெளிந்த சாகதர் பகவனிடம் மன்னிப்பு வேண்டி, தியானத்தில் முனைந்து அரகத்து நிலையை எய்தினார் என அட்டகதை கூறுகிறது. அங்குத்தர நிகாயத்தில் சீடருள் தலைசிறந்தோரைப் பகவன் எண்ணிச் சொல்லும் வரிசையிலே, தேஜோ தாதுவில் வல்லவர் என்னும் இடத்தில் அவருடைய பெயர் இருக்கிறது.